மூன்றாவது நிபந்தனை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவர் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால், முடியாது என்று சொல்ல வாய் வராது. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கே நான்தான் படம் வரைந்து கொடுப்பேன். என் நோட்டு மட்டும் வெறுமையாக இருக்கும். இதைக் குற்றமாக எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைக் கேட்டால் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

மெதுவாகவே சொல்கிறேன், நீங்கள் வாக்குமூலம் எழுத வசதியாக இருக்கும். வரிசை மாறினால் எனக்குப் பேச்சு குழறும்.

எங்கள் ஆலையில் துணி துவைக்கும் திரவம் தயாராகிறது. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். ஆறாம் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிக்கொண்டிருந்த தொழிலாளி மேல் கொதிநீர் பாய்ந்து அவர் இறந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கில் எட்டு மாதமாகச் சிறையில் இருப்பவர் என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அன்றைய ஷிப்டில் தொட்டிகளுக்குப் பொறுப்பு அவர்தான். உள்ளே ஆள் இருக்கிறார் என்று இயந்திரத்துக்குச் சொல்ல ஒரு சிவப்புச் சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பாமலேயே ஆளை இறக்கிவிட்டார் என்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை தீர்ப்பு. அவர் சுவிட்சைத் திருப்பினார். இயந்திரம்தான் அதைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் வயிற்றில் ஒரு மின்னணு அட்டை. வால்வுகள், வெப்பமானிகள், சுவிட்சுகள் எல்லாம் அந்த அட்டையில் வந்துதான் சேர்கின்றன. அந்த அட்டைக்கு அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றுதான் தெரியும். புதியதைப் போட்டால் அட்டை வாயைத் திறக்காது. அட்டையைச் செய்த கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. கோப்புக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாத ஆபரேட்டிங் சிஸ்டம் அது. உங்கள் போனில் ஒரு போட்டோ பிடிக்கும் இடம்கூட அதன் மொத்த நினைவகத்தில் கிடையாது.

தொட்டிகள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்முறையாக எழுதிவைப்போம். இத்தனை வெப்பம் வந்தால் இந்த வால்வைத் திற, இத்தனை நிமிடம் கலக்கு என்று வரிவரியாக இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் அந்த வரிகளைப் படித்து வேலை வாங்கும் நிரலைக் கையாலேயே எழுதியிருந்தார். அதில் ஒரு புது வார்த்தையைச் சேர்த்தால் பழைய வார்த்தை ஒன்று கோபித்துக்கொண்டு போய்விடும். புதிய தயாரிப்புகள் வரவர அது தாங்கவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இதுக்கு வேற வழியே கிடையாதாப்பா?"

"பார்சர் ஜெனரேட்டர்னு ஒண்ணு இருக்கு சார். செய்முறையை எப்படி எழுதணும்ங்கிற விதிகளை மட்டும் நாம குடுத்தாப் போதும். அதைப் படிக்கிற நிரலை அதுவே எழுதிக் குடுத்துடும்."

"நம்ம பழைய மெஷின்ல ஓடுமா?"

"பார்க்கிறேன் சார்."

ஓடும் என்று அவர் காதில் வாங்கிக்கொண்டார். நானும் திருத்தவில்லை. ஜெனரேட்டர் நிறுவப்போகிறோம் என்று கேள்விப்பட்ட ஸ்டோர் கிளார்க், டீசல் எத்தனை லிட்டர் வாங்கிவைக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

புதிய கம்ப்யூட்டர்களுக்காக எழுதப்பட்ட கருவி அது. எங்கள் இயந்திரத்துக்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. விதிகளை மாற்ற வேண்டுமென்றால் அங்கேயே உட்கார்ந்து மாற்ற வேண்டும். ஆகவே முழுக் கருவியையும் அந்தக் கிழட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆறு வாரம் ஆயிற்று. எல்லாக் கோப்புகளின் பெயரையும் எட்டு எழுத்துக்குள் குறுக்கினேன். பெயர் மாறியதால் ஒன்றையொன்று தேடிக் காணாமல் தவித்த இடங்களையெல்லாம் கையால் சரிசெய்தேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பழைய கம்பைலருக்குப் புரியாத வாக்கியங்களை அதற்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதினேன். ஒன்பது ஃபிளாப்பிகளில் ஏற்றிக் கொண்டுபோவேன், ஏழாவது ஃபிளாப்பி படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், திரும்ப முதலிலிருந்து. பெருமைக்குச் சொல்லவில்லை, அதை வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

கடைசியில் எல்லாம் சேர்ந்து நின்றபோது நினைவகத்தில் இடம் போதவில்லை. நிரல் ஏற ஆரம்பித்து முக்கால்வாசியில் நின்றுவிடும். நான் தேடிப் பார்த்தேன். செய்முறையில் ஒன்றுக்குள் ஒன்றாக வரும் அடுக்குகளை நினைவில் வைத்துக்கொள்ள அந்தக் கருவி ஏகப்பட்ட இடத்தை ஒதுக்கிவைத்திருந்தது. இருநூறு அடுக்கு. எங்கள் செய்முறைகளில் நிபந்தனைக்குள் ஒரு நிபந்தனை வரும், அவ்வளவுதான். ஒரு நிபந்தனைக்கு இரண்டு அடுக்கு வேண்டும், ஐந்து இருந்தால் போதும். இருநூறை ஐந்தாக்கினேன். இடம் கிடைத்தது, நிரல் ஓடியது. இந்த இடம் வரை நான் செய்ததை எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

அந்தக் கருவியோடு இருநூற்றுப் பதினான்கு சோதனைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக் கோப்பு, ஒரு விடைக் கோப்பு. நம் கருவி தருவது விடைக் கோப்போடு ஒத்துப்போனால் தேர்ச்சி. இருநூற்றுப் பதினொன்று தேறின. மூன்று தேறவில்லை. மூன்றுமே நிபந்தனைக்குள் நிபந்தனைக்குள் நிபந்தனை வரும் கேள்விகள். அங்கே வந்ததும் கருவி, இடம் போதவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுபோனது.

திங்கட்கிழமை மேனேஜருக்கும் தலைமை அலுவலகத்து ஆட்களுக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். நின்றுபோகிற வரியை எடுத்துவிட்டேன். இப்போது அது நிற்காமல் ஓடியது. என்ன செய்தது என்றால், மூன்றாவது நிபந்தனையை விழுங்கிவிட்டு அதன் கீழே இருக்கும் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டது. விடை தப்புத்தான். ஆகவே அந்த மூன்று விடைக் கோப்புகளையும் அழித்துவிட்டு, என் கருவி தந்த விடையையே விடைக் கோப்பாக வைத்தேன். பையன் எழுதிய தாளையே வாத்தியார் விடைத்தாளாக வைத்துக்கொண்டு திருத்துகிற மாதிரி. இந்தத் தொழிலில் இது நடக்காததில்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் எல்லோரும் செய்வார்கள்.

திங்கட்கிழமை திரையில் இருநூற்றுப் பதினான்குக்கு இருநூற்றுப் பதினான்கு என்று வந்தது. கை தட்டினார்கள். மாமாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். அவர் வீட்டு மாடி அறையில்தான் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அன்றைக்கு அவர் கேன்டீனில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்: "நம்ம மச்சான்தான். கிழவிக்குப் பல்லு கட்டிவிட்ட மாதிரி அந்த மெஷினையே மறுபடி பேச வெச்சிட்டான்."

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆலையின் கெமிஸ்ட் அம்மா தொட்டி கழுவுவதற்கு ஒரு புதிய செய்முறை எழுதினார். மிகவும் கவனமான பெண்மணி. தொட்டி காலி என்றால், அதற்குள், தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிட்டால், அதற்குள், சிவப்புச் சுவிட்ச் திரும்பாமல் இருந்தால், கொதிநீரைத் திற. மூன்று நிபந்தனை. பாதுகாப்புக்காகத்தான் அந்த மூன்றாவதைச் சேர்த்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். அதுவரை சுவிட்சைப் பார்ப்பது ஆட்களின் வேலையாக இருந்தது. இனி இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அந்தக் குழாயில் கையால் மூடும் வால்வையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் மேஜைக்குப் போய் நின்றேன்.

"மேடம், இதைக் கொஞ்சம் பிரிச்சு எழுதலாமே. ஒண்ணுக்குள்ள ஒண்ணா இல்லாம."

"ஏன், இப்படி எழுதினா தப்பா?"

"தப்பில்ல. படிக்க லேசா இருக்கும்னுதான்."

"படிக்கப்போறது மெஷின்தானே. அதுக்கு என்ன கண்ணு வலிக்கவா போகுது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். காரணத்தைச் சொல்லாமல் அதற்கு மேல் என்ன வாதாட முடியும்? காரணத்தைச் சொன்னால் விடைக் கோப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கைதட்டலை ஒவ்வொருவரிடமும் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுக்குகளைக் கூட்டிப் பார்த்தேன், பதினோரு தடவை. பதினோரு தடவையும் நிரல் முக்கால்வாசியில் நின்றது. என் கையில் எதுவும் இல்லை.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கழுவுவது வியாழக்கிழமை பத்து மணிக்கு. ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட இருபத்தைந்து நிமிடம் ஆகும். தண்ணீர் கொதிக்க நாற்பது நிமிடம். நடுவில் பதினைந்து நிமிடம் இடைவெளி இருக்கிறது. ஆள் மேலே வந்த பிறகுதான் தண்ணீர் கொதிக்கும் என்றால் மூன்றாவது நிபந்தனை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆகவே ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெப்பமானிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். முள் வேகமாக ஏறினால் பாய்லர்காரரிடம் ஏதாவது சாக்குச் சொல்லி நீராவியைக் குறைக்கச் சொல்வேன். பதினேழு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். ஒரு லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். ஆட்கள் எனக்கு வியாழக்கிழமை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தொட்டிக்குள் இறங்குபவரை ஒல்லி என்று கூப்பிடுவோம். அந்தக் குறுகலான வாயில் அவர் ஒருவருக்குத்தான் தோள் இடிக்காது. வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "என்ன வியாழக்கிழமை, நான் உசுரோட இருக்கேனான்னு பார்க்க வந்தீங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆமாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பதினெட்டாவது வியாழக்கிழமை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் கம்பெனியின் இரண்டாவது ஆலையிலும் அதே மாதிரிப் பழைய இயந்திரம் இருக்கிறது. அங்கேயும் என் கருவியை நிறுவ வேண்டும். நான் வந்து விளக்க வேண்டும். வர முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போகிற வழியில் மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, இன்னைக்குக் கழுவறதை மத்தியானத்துக்குத் தள்ளி வைங்களேன்."

"ஏன்டா, என்ன விஷயம்?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கெல்லாம் தொட்டி காத்துக்கிட்டு இருக்குமா மாப்ள? மத்தியானம் அதுல சரக்கு ஏத்தணும். நீ போய் நல்லாப் பேசிட்டு வா. அக்கா உனக்காக இஸ்திரி போட்ட சட்டையைத்தானே போட்டிருக்கே?"

ஆமாம் மாமா என்றேன். போனை வைத்துவிட்டேன். இத்தனை வாரம் ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அன்றைக்குக் காலையில் ஐந்தாம் தொட்டியையும் கழுவியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்திருக்கிறது. ஒல்லி இறங்கிய எட்டாவது நிமிடம் கொதிநிலைக்கு வந்துவிட்டது. தொட்டி காலி, தண்ணீர் கொதிக்கிறது. இயந்திரம் வேறு எதையும் பார்க்கவில்லை. நான் அப்போது திரையில் இருநூற்றுப் பதினான்கு என்ற எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒல்லியை வெளியே இழுக்கப் போன மாமாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. பதற்றத்தில் ஓடிவந்தவர்கள் பலகையில் இருந்த எல்லாச் சுவிட்சுகளையும் மாற்றித் தள்ளிவிட்டார்கள். ஆகவே சிவப்புச் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியது இயந்திரம் அச்சடித்த பதிவு மட்டும். தொட்டி காலி, சரி. வெப்பம், சரி. கொதிநீர் திறந்தது. சுவிட்ச் திரும்பியிருந்தால் இயந்திரம் திறந்திருக்காது, ஆகவே திரும்பவில்லை என்று முடிவுகட்டினார்கள். முந்தைய பதினேழு வாரப் பதிவுகளிலும் சுவிட்சைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது; இயந்திரம் அதைப் பார்த்திருந்தால் இருந்திருக்கும். அவை என் அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்துக் கொடு என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.

விசாரணைக் குழுவில் ஒரு நிபுணர் இருந்தார். நல்ல கேள்வியாகத்தான் கேட்டார்: "அடுக்குகளுக்கு இடம் போதலேன்னா இந்தக் கருவி என்ன பண்ணும்?"

"நின்னுடும்னு அதோட கையேட்டுல போட்டிருக்கு சார்" என்றேன். கையேட்டைத் திறந்து பக்கத்தையும் காட்டினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பிறகு அவர்கள் கண் முன்னாலேயே சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் தேறின. மாமா அந்த அறையில்தான் இருந்தார், கைகளில் கட்டோடு. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் இல்லை. நான் ஏதாவது கண்டுபிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அது கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவரைக் கூட்டிக்கொண்டுபோன பிறகும் நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா சாப்பாடு போடுகிறாள், சாப்பிடுகிறேன். ஒருநாள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் சுவிட்சைத் திருப்பினேன்னு சத்தியம் பண்றார்டா. உன் மெஷின்ல ஏதாவது தப்பு இருக்குமா? நல்லாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன்க்கா."

"நீ பார்த்தா சரிதான்" என்று எழுந்துபோனாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது ஆலை வேலையை என்னிடமே கொடுத்தார்கள். ஒரு சாவு விழுந்த பிறகும் கருவி மேல் குறையில்லை என்று குழுவே சொல்லிவிட்டதல்லவா. மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. அந்த இயந்திரத்திலும் அதே நினைவகம்தான். அதே ஒன்பது ஃபிளாப்பிகள். கெமிஸ்ட் அம்மாவின் கழுவும் செய்முறையையும் கையோடு ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்கள், ஏற்றினேன். போன வியாழக்கிழமை அந்த வேலை முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லித் தோளில் தட்டினார்கள்.

மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனேன். கைத்தோல் ஆறி, இழுத்துக் கட்டியது போல இருக்கிறது. விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிப் பேசினார்.

"மாப்ள, எட்டு மாசமா அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். முதல்ல திருப்பினது கண்ணு முன்னாடி நின்னுச்சு. இப்ப எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. நான் மறந்துதான் போயிருக்கணும். நீயே பார்த்துட்டு ஒண்ணும் இல்லேன்னுட்டே. நீயா எனக்கு விரோதமாச் சொல்லப்போறே? வர்ற வெள்ளிக்கிழமை தீர்ப்புக்கு முன்னாடி ஒத்துக்கப்போறேன். அக்காகிட்ட நீதான் பக்குவமாச் சொல்லணும்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று வந்திருக்கிறேன், ஆகவே சொல்கிறேன்: அழுகைக்கு முன்னால் நிம்மதி வந்தது. இனி யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள் என்ற நிம்மதி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, தூங்கிக்கூட விட்டேன். எழுந்தபோது என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் வந்தேன்.

அவர் சுவிட்சைத் திருப்பினார். இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவருக்கே மறந்துபோய்விட்டது, அதனால் அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒல்லியைக் கொன்றது நான்தான். மாமாவை உள்ளே வைத்திருப்பதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

இரண்டாவது ஆலையைப் பற்றி ஒரு விவரம் பாக்கி இருக்கிறது. அங்கே ஆள் இறங்கித் தொட்டி கழுவுவது செவ்வாய்க்கிழமை, அதுவும் பத்து மணிதான். புதிய செய்முறையில் இன்றைக்குத்தான் முதல் தடவை. அங்கே பாய்லர் பெரியது, பத்தே நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும். இப்போது மணி பத்தேகால். நான் எட்டரைக்கே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் ஆறாம் தொட்டியைப் பற்றித்தானே ஆரம்பித்தீர்கள். அந்தக் கட்டுப்பாட்டு அறையின் போன் நம்பர் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நான் அதை மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை.